பின்போர்ஷனில் ஒரு மிஷனெரி

1988ஆம் ஆண்டு அக்டோபர் 6, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். மேகம் இல்லை, காற்று இல்லை, கழுத்தில் வியர்வை நிற்காமல் வழியும் புழுக்கம். அந்த நேரத்தில்தான் ராஜகீழ்ப்பாக்கத்தில் உள்ள என் சொந்த வீட்டுக்குள், பின்பக்கச் சுவரில் ஏறிக் குதித்து நான் நுழைந்தேன். சுவரின் உயரம் நாலரை அடி. என் வயது ஐம்பத்தொன்று. குதித்ததில் இடது கணுக்கால் பிசகியது. இன்றும் மழைக்காலத்தில் அது தன் இருப்பைச் சொல்லும்.

சொந்த வீட்டில் ஏன் சுவர் ஏற வேண்டும் என்றால், நான் ஆப்பிரிக்காவில் இருப்பதாக ஊர் நம்பிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் முன்பு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஐம்பத்து மூன்று பேர் என்னை வழியனுப்பினார்கள். அதற்கும் முந்தைய நாள், ஞாயிறு ஆராதனையில், போதகரும் சபை மூப்பர்களும் என் தலையில் கைவைத்து ஜெபித்து என்னை மிஷனெரியாகப் பிரதிஷ்டை செய்தார்கள். லோத்தின் மனைவி திரும்பிப் பார்த்து உப்புத்தூண் ஆனதைப் பற்றிப் போதகர் நாற்பது நிமிடம் பிரசங்கம் செய்தார். பிறகு பயணச் செலவுக்கென்று தனியாக ஒரு காணிக்கை எடுத்தார்கள். பால் விற்கும் அம்மாள் முதல் பேராசிரியர் வரை போட்டார்கள். மூவாயிரத்து நானூற்று எண்பத்தைந்து ரூபாய் சேர்ந்தது.

எங்கள் பக்கத்துச் சபைகளில் அப்படித்தான் வழக்கம். முதலில் கூட்டம், மாலை, காணிக்கை, வேன். காகிதங்கள் எல்லாம் தானாகப் பின்னால் வரும் என்று நம்புவது விசுவாசத்தின் ஒரு பகுதி.

நான் ரயில்வேயில் மின்சாரப் பிரிவில் இருபத்தேழு வருடம் வேலை செய்தவன். 1986இல் எங்கள் சபைக்கு வந்த ஒரு பெண் மருத்துவர் ஜாம்பியாவில் தான் நடத்தும் மிஷன் மருத்துவமனையைப் பற்றி ஸ்லைடு போட்டு ஆங்கிலத்தில் பேசினார். இரவுப் பிரசவங்கள் மண்ணெண்ணெய் விளக்கில் நடக்கின்றன என்றார். குழந்தைகளுக்கான தடுப்பு மருந்து ஐஸ் இல்லாமல் கெட்டுப்போகிறது என்றார். கூட்டம் முடிந்ததும் நான் அவரிடம் போய், "எத்தனை விளக்கு? எத்தனை லிட்டர் பிரிட்ஜ்?" என்று கேட்டேன். அதுதான் என் அழைப்பு. வேறு தரிசனம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆறு வாரம் பெங்களூரில் சோலார் வேலை கற்றேன். முன்கூட்டியே ஓய்வு வாங்கினேன். பன்னிரண்டு சோலார் பேனல்கள், பதினாறு பேட்டரிகள் கப்பலில் முன்னே போயின. நான் பின்னே போக வேண்டியது.

மீனம்பாக்கத்தில் விமானம் ஏறிய அன்றிரவே, பம்பாயில் என்னை நிறுத்திவிட்டார்கள். வேலைக்காக வெளிநாடு போகிறவனின் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை இருக்க வேண்டும். என்னுடையதில் இல்லை. மிஷன் அலுவலகத்தார் அதை நான் வாங்கியிருப்பேன் என்று நினைத்தார்கள். நான் அவர்கள் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். பெட்டியில் இருந்த இருபத்தெட்டுச் சாமான்களை மூன்று முறை சரிபார்த்தவன் நான்.

பம்பாயிலிருந்து போதகருக்கு வெளியூர் டிரங்க்கால் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்த மௌனத்துக்கும் நான்தான் காசு கட்டினேன்.

"பிரதர்," என்றார் கடைசியில், "ஒரு வாரம்தானே? முத்திரை வாங்கிடலாம். அதுவரைக்கும் யார் கண்ணுலயும் படாதீங்க. நேத்துதான் காணிக்கை எடுத்திருக்கோம். ஜனங்க மனசு சோர்ந்துடும்."

"நான் எங்க பாஸ்டர் போய் இருக்கறது?"

"வீட்டுலயே இருங்க. வெளிய வராதீங்க. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் இல்லை. என் வீடு இரண்டு போர்ஷன். நான் போய்விடுவேன் என்பதால் முன்போர்ஷனைச் செப்டம்பரிலேயே வாடகைக்கு விட்டிருந்தேன். குடிவந்தவர் வேறு யாருமல்ல, எங்கள் சபைச் செயலர். வங்கி ஊழியர், தெருமுனை வரை கேட்கும் குரல். அவர், அவர் மனைவி, ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள். பின்போர்ஷனில் என் மனைவி. ஒரு அறை, ஒரு சமையலறை, துணி துவைக்க வானம் தெரியும் ஒரு முற்றம். இரண்டு போர்ஷனுக்கும் நடுவில் ஒரு கதவு. இந்தப் பக்கம் நாங்கள் தாழ்ப்பாள் போட்டிருந்தோம். அந்தப் பக்கம் அவர்கள் பீரோவை வைத்து அடைத்திருந்தார்கள்.

நான் சுவர் ஏறிய அன்று மாலை நாலேமுக்காலுக்கு என் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். தாம்பரத்தில் தமிழாசிரியை. முற்றத்தில் கல்லின்மேல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்ட முதல் கேள்வி:

"பெட்டி எங்கங்க?"

"புதருக்குப் பின்னால வெச்சிருக்கேன். இருட்டினதும் எடுக்கணும்."

"பத்திரமா இருக்கா?"

என்னைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

ஒரு வாரம் என்றது இரண்டானது. மூன்றானது. பாஸ்போர்ட் டில்லியில் ஏதோ ஒரு மேஜையில் கிடந்தது. மனைவி காலை எட்டேகாலுக்குப் போனால் மாலை நாலேமுக்கால் வரை நான் குழாயைத் திறக்கக் கூடாது, மின்விசிறி போடக் கூடாது, இருமக் கூடாது. தும்மல் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்வேன். எனக்கு வருவது ஒற்றைத் தும்மல் அல்ல. வரிசையாக வரும்.

பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவள் காலையில் முற்றத்தில் உட்கார்ந்து தேய்க்கும்போது நான் அறையில் கட்டிலுக்குப் பின்னால் நிற்பேன். நான்காம் நாள் அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என் மனைவியிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"டீச்சரம்மா, ஒண்டி ஆளுக்கு இன்னாத்துக்குமா ரெண்டு தட்டு?"

"ராத்திரி தங்கச்சி வந்திருந்தா."

"தங்கச்சியா? தங்கச்சி ரேசர்லதான் சவரம் பண்ணிக்கினு போச்சா? தண்ணி போற மோரியில நொரையா கீது."

என் மனைவி அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

"பயப்படாத. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்," என்றாள் அவள். பிறகு அறைப் பக்கம் திரும்பி, கொஞ்சம் குரலை உயர்த்தி, "சார், சும்மா உக்காருங்க. நின்னுகினே இருந்தா கால் வீங்கிக்கும்," என்றாள்.

அன்றிலிருந்து நான் உட்கார்ந்துகொண்டே ஒளிந்தேன்.

முன்போர்ஷனின் சத்தம் முழுவதும் எனக்கு வந்தது. அவர்கள் என் சுவரில் ஆணி அடித்தார்கள். வாடகை ஒப்பந்தத்தில் ஆணி கூடாது என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். ஒரே ஞாயிற்றுக்கிழமை மதியம் பதினான்கு ஆணி. ஒவ்வொரு அடிக்கும் சுண்ணாம்பு உதிர்வது என் பக்கம் கேட்டது. "யாருங்க அது சுவத்த உடைக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. வீட்டுக்காரனுக்கு இதைவிடக் கொடிய தண்டனை இல்லை என்று அப்போது நினைத்தேன்.

ஆனால் அதைவிடக் கொடியது ஒன்று இருந்தது. தினமும் இரவு ஏழரைக்கு அவர்கள் குடும்ப ஜெபம். செயலர் சத்தமாக ஜெபிப்பார். பள்ளி, வங்கி, மாமியாரின் சர்க்கரை வியாதி எல்லாம் முடிந்ததும் நான் வருவேன்.

"ஆண்டவரே, இந்த நேரத்துல ஆப்பிரிக்காவுல, காட்டு வெளியில, கொடிய மிருகங்கள் மத்தியில இருக்கற எங்க அண்ணனைக் கண்மணி போலக் காத்தருளும். நல்ல ஆகாரம் தாரும்."

சுவருக்கு இந்தப் பக்கம் நான் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். மெல்லுவதை நிறுத்திவிடுவேன். ஆமென் சொல்ல வாய் வரும், அதையும் விழுங்குவேன். அவர் மனதார ஜெபித்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டும்போது அவர் மனைவி, "அவருக்கென்ன, அங்க குளுகுளுன்னு இருக்குமாம்," என்பாள். "நமக்குத்தான் இந்த வீட்டுல தண்ணி வரமாட்டேங்குது."

தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. அவர்கள் தொட்டியின் மிதவை வால்வு சரியில்லை. ஐந்து நிமிட வேலை. அதையும் நான் சொல்ல முடியவில்லை.

போதகர் ஒரே ஒரு முறை வந்தார். முன்வாசல் வழியாக வந்து செயலர் வீட்டில் காபி சாப்பிட்டுவிட்டு, "டீச்சரைப் பார்த்துட்டுப் போறேன்" என்று எங்கள் பக்கம் வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுத்தோம்.

"பாஸ்டர், நான் வெளிய வந்துடறேன். சொல்லிடலாம்."

"பிரதர், நான் இப்பதான் அவர்கிட்ட நீங்க சுகமா போய்ச் சேர்ந்துட்டீங்கன்னு சொன்னேன்."

"ஏன் சொன்னீங்க?"

"அவர் கேட்டார். நான் என்ன பண்றது? சுகமா இருக்கீங்க இல்ல?"

சபைக்குள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். பாவம், அவருக்கும் முகம் வியர்த்திருந்தது. அவரும் என்னோடு சேர்ந்து மாட்டிக்கொண்டார். ஆனால் அவருக்கு வெளியே போகக் கதவு இருந்தது.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்தது. மழை இல்லாத மதிய நேரங்களில், பெட்டியில் கொண்டுபோன சிறிய மாதிரிப் பேனலை முற்றத்தில் தெற்குப் பார்த்துச் சாய்த்து வைத்து, மீட்டரில் மின்னோட்டம் பார்ப்பேன். பயன் ஒன்றுமில்லை. கைக்கு வேலை வேண்டுமே.

அப்படி ஒரு நாள் பள்ளிக்கு மழை விடுமுறை. மதியம் மழை விட்டு வெயில் வந்திருந்தது. முன்போர்ஷனில் செயலரின் மகள் பூகோளப் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படிப்பதே அப்படித்தான். ஒரே வரியைச் சத்தமாகத் திரும்பத் திரும்ப, அர்த்தம் கரைந்துபோகும் வரை.

"மகர ரேகையை ஒட்டியுள்ள தென் நாடுகளில் ஆண்டின் பெரும்பகுதி நண்பகல் சூரியன் வடக்குத் திசையில் காணப்படும். மகர ரேகையை ஒட்டியுள்ள தென் நாடுகளில்…"

எரிச்சலோடு எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது, பத்து. பதினொன்றாவது முறை என் கை மீட்டரிலேயே நின்றுவிட்டது.

இதில் ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். சோலார் பேனலைச் சூரியன் இருக்கும் பக்கம் சாய்க்க வேண்டும். நம் நாட்டில் சூரியன் பெரும்பாலும் தெற்கே சாய்ந்திருக்கும். ஆகவே பேனலைத் தாங்கும் ஸ்டாண்டில் வடக்குக் கால்கள் உயரம், தெற்குக் கால்கள் குட்டை. பெங்களூரில் அப்படித்தான் கற்றேன். ஆகஸ்டில் மருத்துவமனைக்கு அனுப்பிய வரைபடத்தில் நான் வரைந்ததும் அப்படியே. மூன்று ஸ்டாண்ட், ஸ்டாண்டுக்கு நாலு கான்கிரீட் கால், வடக்கு உயரம், தெற்கு தாழ்வு. மேலே வடக்கு என்று அழகாக ஒரு அம்புக்குறியும் போட்டிருந்தேன்.

ஜாம்பியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே எல்லாம் தலைகீழ்.

எனக்குத் தெரியாத பாடமா? தெரியும். ஆனால் வரைந்தது இந்த ஊர் மேஜையில், ஜன்னல் வழியே இந்த ஊர் வெயில் விழ. அந்த ஸ்டாண்டில் பேனலை மாட்டினால் ஜூன் மாதம் பன்னிரண்டு பேனலில் நாலு பெட்டிக்குள்ளேயே கிடப்பது போல மின்சாரம் குறையும். ஒரு பகல் மேகம் போட்டால் பிரிட்ஜ் நிற்கும். பிரிட்ஜ் நின்றால் மருந்து கெடும். கெட்டுப்போன மருந்து என்று தெரியாமலே அதைக் குழந்தைகளுக்குப் போடுவார்கள்.

அங்கே மழை தொடங்குமுன், நவம்பர் முதல் வாரம் கான்கிரீட் போடுவதாக ஏற்பாடு. அன்று அக்டோபர் 31.

மனைவி வீட்டில்தான் இருந்தாள். காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் குடையை எடுத்துக்கொண்டு தாம்பரம் தந்தி ஆபீசுக்குப் போய், ஸ்டாண்டைத் திருப்பிப் போடுங்கள், உயரம் தெற்கே என்று தந்தி கொடுத்துவிட்டு வந்தாள். பதிலுக்குப் பள்ளி முகவரி கொடுத்தாள். புதன்கிழமை பதில் வந்தது. மருத்துவர் அனுப்பியிருந்தார்: வரைபடம் வேறு சொல்கிறது, எது சரி, வெள்ளி மாலை இந்திய நேரம் ஆறரைக்குத் தொலைபேசியில் கூப்பிடுகிறேன்.

எந்தத் தொலைபேசி? ஏதாவது அவசரம் என்றால் என் மனைவிக்குச் சொல்ல என்று நானே மிஷனுக்குக் கொடுத்திருந்த எண். அந்தத் தெருவில் இருந்த ஒரே தொலைபேசி. செயலருடையது. முன்போர்ஷன் ஹாலில், அந்தப் பீரோவுக்குப் பக்கத்தில்.

வெள்ளி மாலை ஆறு மணிக்கு அதே ஹாலில் சபையின் வாராந்திர ஜெபக் கூட்டம்.

"நானே பேசிடறேன்," என்றாள் மனைவி. "கூட்டத்துல போன் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். நீங்க சொல்லிக் குடுங்க."

இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தேன். 'ஹை சவுத், லோ நார்த்.' இருபத்தைந்து வருடம் பழந்தமிழ் நடத்திய வாய். ஆங்கிலம் தொண்டையில் நிற்கும். சமைக்கும்போது முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பாத்திரம் தேய்க்கும் அம்மாளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. "லோ நார்த்துமா, மறந்துடாத," என்று போகும்போது நினைவூட்டிவிட்டுப் போனாள்.

நவம்பர் 4. காலையிலிருந்து மழை. மாலை ஆறு மணிக்கு முன்வாசலில் குடைகளை உதறும் சத்தம், பாய் விரிக்கும் சத்தம், ஆர்மோனியம். நான் நடுக்கதவில் காதை வைத்து நின்றேன். ஆறரை ஆனது. ஒன்றுமில்லை. ஆறே முக்கால். செயலர் ஜெபித்துக்கொண்டிருந்தார். சரியாக, "ஆப்பிரிக்காவுல இருக்கற எங்க அண்ணன்" என்று தொடங்கியபோது மணி அடித்தது.

அவர்தான் எடுத்தார்.

"ஹலோ! ஆமா! யெஸ்! எங்கிருந்து? ஆப்பிரிக்காவா!" கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "ஸ்தோத்திரம்! நாம ஜெபிச்சுக்கிட்டிருக்கும்போதே கூப்பிடறாங்க!" ஹால் முழுதும் ஸ்தோத்திரம், அல்லேலூயா. "யெஸ் மேடம்! போன் பணத்தை நாங்க கட்டறோம், யெஸ்! எங்க அண்ணன் எப்படி இருக்கார்? ஹவ் இஸ் ஹி?"

அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நோ மேடம். ஹி இஸ் தேர். உங்ககிட்டதான் இருக்கார்… நோ, நோ. இங்க எப்படி… மேடம், எங்க அண்ணன் அங்க வந்து ஒரு மாசம் ஆச்சு!"

"குடுங்க, நான் பேசறேன்," என் மனைவியின் குரல். அவள் பிடுங்கியிருக்க வேண்டும். "ஹலோ. ஹை சவுத். லோ நார்த். யெஸ். ஹை சவுத்."

நன்றாகச் சொன்னாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

"வாட்? ஆல்ரெடி…? ஒன் ஸ்டாண்ட்? யெஸ்… நோ… ஐ…" அவள் குரல் தேய்ந்தது. "வெயிட். ஒன் மினிட்."

ஒரு ஸ்டாண்ட் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். அதை என்ன செய்வது என்று கேட்கிறார். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் தாழ்ப்பாளை எடுத்துத் தள்ளிப் பார்த்தேன். பீரோ அசையவில்லை. பின்வாசல் வழியாக வெளியே வந்து பக்கவாட்டுச் சந்தில் ஓடினேன். லுங்கி, பனியன், கொட்டும் மழை. ஒரு மாதத்தில் முதல் முறையாகத் தெருவைப் பார்த்தேன், ஆனால் பார்க்க நேரமில்லை. வாசலில் செருப்புக் குவியலைத் தாண்டி, உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே காலை வைத்து, மனைவி கையிலிருந்து ரிசீவரை வாங்கினேன்.

அந்தப் பேராசிரியர் கையில் திறந்த பைபிளோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மீதி இரண்டு ஸ்டாண்டுக்கு நாளை காலை கான்கிரீட். நிறுத்தவா? நிறுத்துங்கள், திருப்புங்கள் என்றேன். முதல் ஸ்டாண்ட்? உடைத்து மறுபடி போடுங்கள். சிமெண்ட் மிஷன் கணக்கில் இல்லையே. என் கணக்கில் போடுங்கள் என்று கத்தினேன். "திரும்பச் சொல்லுங்கள்," என்றேன். உயரம் தெற்கே, தாழ்வு வடக்கே என்று அவர் திரும்பச் சொன்னார். இன்னொரு முறை சொல்ல வைத்தேன். லைன் அறுந்தது.

ரிசீவரை வைத்தேன். லுங்கியிலிருந்து அவர்கள் பாயில் தண்ணீர் சொட்டியது.

முதலில் பேசியவள் செயலரின் மனைவி. "அப்ப… இங்கயேதான் இருந்தீங்களா? பக்கத்துலயே?"

"ஆமாம்மா."

"நாங்க பேசினதெல்லாம்…"

"ஆமாம்மா."

அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவள் மகள் மட்டும் பயமில்லாமல் கேட்டாள்: "அங்கிள், சிங்கம் பார்க்கவே இல்லையா?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்பு பரவியது. செயலர் சிரிக்கவில்லை. அவருக்கு முகம் சிவந்து, கண் கலங்கியிருந்தது.

"அண்ணே," என்றார், "முப்பது நாளா உங்களுக்குச் சாப்பாடு கிடைக்கணும்னு அழுது ஜெபிச்சேன் அண்ணே. சுவருக்கு அந்தாண்ட உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தீங்களா?"

போதகர் சொல்லித்தான் ஒளிந்தேன் என்று சொல்லியிருக்கலாம். செயலர் குரலில் இருந்தது கோபம் மட்டும் என்றால் சொல்லியிருப்பேன்.

வயதில் மூத்த அந்தப் பால் விற்கும் அம்மாள்தான் முழங்காலில் நின்று, "சரி, ஜெபம் பாதியில நிக்குது. முடிங்கப்பா," என்றாள். எல்லோரும் முழங்காலிட்டார்கள். நானும் ஈரத்தோடு இட்டேன். செயலர் தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்க முயன்று, "ஆப்பிரிக்காவுல…" என்று நிறுத்தி, "ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டிய எங்க அண்ணனைச் சீக்கிரமாக் கூட்டிக்கிட்டுப் போயிடும் ஆண்டவரே," என்று முடித்தார். அதைவிட உருக்கமாக அவர் அதுவரை ஜெபித்ததில்லை.

ஒளிவது முடிந்தது. விடுதலை வரவில்லை. மறுநாள் காலை பால் வாங்கத் தெருமுனைக்குப் போனேன். நாலு பேர் நிறுத்தினார்கள். "என்ன சார், லீவுல வந்தீங்களா?" என்றார் ஒருவர். "ஆப்பிரிக்கா பஸ்ல போற தூரம்தானா அண்ணா?" என்றார் டீக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எனக்கு இரண்டு பக்கமும் பெஞ்சு காலியாக இருந்தது. யாரும் ஒரு சொல் கடுமையாகப் பேசவில்லை. காணிக்கைப் பை என்னிடம் வரும்போது மட்டும் பக்கத்து வரிசை கொஞ்சம் கவனமாகப் பார்த்தது. பிறகு நானாகவே பின்போர்ஷனுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். முன்பு போதகர் சொல்லி உள்ளே இருந்தேன். இப்போது நானே இருந்தேன். அறை அதேதான்.

முத்திரை டிசம்பரில் வந்தது. அதற்குள் அங்கே மழை பிடித்து மருத்துவமனைக்குப் போகும் மண் சாலை மூடிவிட்டது. மே மாதம் வரை காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து மாதமும் மூவாயிரத்து நானூற்று எண்பத்தைந்து ரூபாய் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஜனவரியில் வைப்பு நிதியை உடைத்து எடுத்துக்கொண்டு போய்ப் போதகர் மேஜையில் வைத்தேன்.

"யாரும் கேட்கலையே பிரதர்," என்றார்.

"கேட்டிருந்தா பரவாயில்ல பாஸ்டர்."

அவர் எண்ணாமல் வாங்கிக்கொண்டார். நான் எண்ணச் சொன்னேன்.

1989 மே மாதம் போனேன். கூட்டம் இல்லை, மாலை இல்லை. மனைவியும் நானும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறித் திரிசூலத்தில் இறங்கி, பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு விமான நிலையத்துக்குச் சாலையைக் கடந்தோம். செயலர் மட்டும், வங்கிக்குப் போகும் வழியில், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தார். "போய்ச் சேர்ந்ததும் நீங்களே எழுதுங்க அண்ணே," என்றார். "இந்த தடவை உங்க கையெழுத்தைப் பார்த்தாத்தான் நம்புவேன்."

மருத்துவமனைக்குப் போய் இறங்கியதும் ஒரு தகரக் கூரைக் கட்டிடத்துக்குப் பின்னால் போய் ஸ்டாண்டுகளைப் பார்த்தேன். இரண்டு ஸ்டாண்ட் சரியாக, வடக்குப் பார்த்து நின்றன. முதல் ஸ்டாண்டை அவர்கள் உடைக்கவில்லை. அந்தக் கான்கிரீட் அதற்குள் இறுகிவிட்டதாம். குட்டைக் கால்களின்மேல் செங்கல் வைத்து இரண்டடி உயர்த்திச் சரிசெய்திருந்தார்கள். ஆகவே அந்த ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிடத் தலை தூக்கி நின்றது. அதன் நாலு பேனலைத் துடைக்க மட்டும் ஏணி வேண்டும். இரண்டு வருடம் நான் அங்கே இருந்தேன். வாரம் ஒரு முறை அந்த ஏணியில் ஏறினேன்.

வயரிங் முடிக்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. பேட்டரிகளில் இரண்டு கப்பலிலேயே விரிசல் விட்டிருந்தன. பதினான்கை வைத்துச் சமாளித்தேன். ஜூன் 21 அன்று, அந்த நாட்டின் மிகக் குறுகிய பகலில், வானம் துடைத்தது போல இருந்தது; வடக்கே தாழ்ந்து நின்ற சூரியனின் வெயில் பன்னிரண்டு பேனலிலும் நேராக விழுந்தது. மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். பிரிட்ஜுக்குள் வெப்பமானி ஐந்து டிகிரி காட்டியது. அதன் கதவை நான் அடிக்கடி திறந்து பார்க்கிறேன் என்று நர்ஸ் ஒருத்தி திட்டினாள். பிரசவ அறையில் குழல் விளக்கு எரிந்தபோது அந்த மருத்துவர் கை கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார், அவருக்கு வேலை இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை போன் பில், பம்பாயிலிருந்து ரயில் சார்ஜ், தந்திகள், விமான டிக்கெட்டை மாற்றிய கூடுதல் தொகை, அந்த ஒரு ஸ்டாண்டின் செங்கலும் சிமெண்டும், சபைக்குத் திருப்பிக் கொடுத்த காணிக்கை எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து போனது ஐயாயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு ரூபாய் அறுபது காசு.